உள்ளே என்னவென்று சொல்லாத சுமை

பழுப்புக் குடுவை தளத்தில் வந்து இறங்கியபோது யாரும் அதன் பக்கம் போகவில்லை.

மற்றக் குடுவைகளை வழக்கம்போல் ஆட்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தூக்கு அளவுதான் இருக்கும். சுமைகாரர்கள் தங்கள் பெயர் விழுந்த குடுவையை இடுப்பில் கட்டி, அதிலிருந்து நீளும் நரம்புக்காறையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார்கள். காறை கவ்வியதும் நெஞ்சு அடிக்கும், உள்ளங்கை வேர்க்கும், வயிற்றைப் பிசையும். அதே நேரத்தில் நகரத்தின் ஏதோ ஒரு மாடியில் ஒருவர், தன் கழுத்திலும் ஒரு காறையோடு, நிம்மதியாகக் காப்பி குடித்துக்கொண்டிருப்பார். அவருடைய பதற்றம் இங்கே இன்னொருவர் உடம்பில் எரியும்.

எரிப்பதற்கு ஒரே வழி வேலை. முற்றத்தின் ஓரத்தில் மணல் மூட்டைகள் கிடந்தன. அவற்றை முதுகில் ஏற்றி மறு ஓரத்தில் கொண்டுபோய்ப் போட வேண்டும். எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தால், திரும்ப இந்த ஓரத்துக்கே சுமக்க வேண்டும். மணல் யாருக்கும் தேவையில்லை. உடம்புக்குத்தான் தேவை. ஆபத்து என்று உடம்பு மணி அடித்தால் அது ஓடக் கேட்கும், இல்லை அடிக்கக் கேட்கும். ரெண்டும் இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனைத்தான் அது உள்ளுக்குள் அரிக்கும். இதைக் கண்டுபிடித்தவர்கள் முதலில் நாய்களில் ஏற்றிப் பார்த்தார்கள். நாய்கள் செத்தன. கடைசியில் மனித உடம்பு ஒன்றுதான் தாங்கும் என்று தெரிந்தது. அதிலும் பாரம் தூக்கிப் பழகிய உடம்பு சீக்கிரம் எரிக்கும் என்று கண்டார்கள். துறைமுகத்தில் இயந்திரக்கைகள் வந்து சுமைகாரர்கள் சும்மா நின்ற காலம் அது. நிலையத்தின் வாசலில் பலகை மாட்டினார்கள்: தோள்நிலையம். உங்கள் பாரம் எங்கள் தோளில்.

மணி அடிப்பது மட்டும்தான் குடுவையில் வரும். ஏன் அடிக்கிறது என்பது வராது. அது வாடிக்கையாளரின் இரகசியம். கேட்கக் கூடாது என்பது நிலையத்தின் முதல் விதி.

முந்தின நாள் பழுப்புக் குடுவையை எடுத்தவன் சுடலைமுத்து. மூட்டையோடு மடிந்து விழுந்தான். இப்போது பெரியாஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடக்கிறான். அவனுக்கு முன்னால் அதைச் சுமந்தவனுக்கு வாய் கோணிவிட்டது. இன்று ஒளிப்பலகையில் அந்தக் குடுவைக்கு நேராக எரிந்த பெயர் பேச்சித்தாய். சுடலைமுத்துவின் கூடப்பிறந்த அக்காள்.

பேச்சித்தாய் போய்க் குடுவைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். காறையைத் தொடவில்லை. விரல் முட்டியை மடக்கிக் குடுவையின் தலையில் தட்டினாள்.

"உள்ள என்ன?"

மூட்டைகள் நின்றன. முற்றத்தில் இருந்த பழைய ஆட்கள் எல்லோருக்கும் அந்தத் தட்டு தெரியும். ஆள் சுமந்த காலத்தில் துறைமுகத்தில் அதுதான் சட்டம். முதுகில் ஏற்றுவதற்கு முன்னால் சுமப்பவன் மூட்டையைத் தட்டி உள்ளே என்ன என்று கேட்பான். ஏற்றிவிடுகிறவன் பதில் சொல்ல வேண்டும். உப்பு என்றால் வேர்வைக்கு எரியும், துணி போட்டுக்கொள்ளலாம். மிளகாய்வற்றல் என்றால் மூக்கைக் கட்டலாம். ஒரு தடவை கேட்காமல் குனிந்தவர்கள் முதுகில் காஸ்டிக் சோடாவை ஏற்றிவிட்டார்கள். ஒரு வரிசையே முதுகு வெந்து கடலில் விழுந்தது. அதற்குப் பிறகு பதில் இல்லாத மூட்டையை யாரும் எடுத்ததில்லை. கப்பல் காத்துக் கிடந்தாலும் எடுத்ததில்லை.

தோள்நிலையத்துக்கு வந்த பிறகு அதை மறந்திருந்தார்கள். குடுவை சிறியது, கனமே இல்லாதது. அதைத் தட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மேலாளர் கிருபாகரன் மாடிப்படியில் இறங்கி வந்தார். முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்பு எப்போதும் உண்டு. அவரும் நிலையத்தின் வாடிக்கையாளர்தான்.

"என்னம்மா, பூட்டியிருக்கிற வீட்டுக் கதவைத் தட்டுற மாதிரி தட்டுற?"

"உள்ள என்னன்னு கேக்கேன் சார்."

"பதற்றம். வேற என்ன இருக்கும்?"

"எதப் பத்துன பதற்றம்?"

"அது நமக்குத் தேவையில்லாதது. டாக்டர் நோயாளியோட இரகசியத்தைச் சொல்வாரா?"

"டாக்டர் நோயாளிகிட்டச் சொல்லுவாருலா. படுத்துக் கெடக்கது என் தம்பி. அவன் எந்த நோவுல கெடக்கான்னு நான் கேக்கக் கூடாதா?"

கிருபாகரன் சிரித்தார். "தம்பிக்கு நிலையத்திலேர்ந்து பழம் அனுப்பியிருக்கேன்."

"மூக்குல கொழாய் இருக்கு. எந்த வழியாத் திம்பான்?"

யாரோ சிரித்தார்கள். அப்போதுதான் எஸ்தாக்கி மூட்டையைப் போட்டுவிட்டு வந்தான். அவர்களில் மூத்த தோள் அவனுடையது. எடுக்க முடியாத சுமை என்று ஒன்றை அவன் வாயால் ஒப்புக்கொண்டதே கிடையாது. துறைமுகத்துக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி அது. முடியுமா என்று யாராவது பார்த்துவிட்டால் போதும், கேள்வி கேட்காமல் குனிந்துவிடுவார்கள். காஸ்டிக் சோடாவும் அப்படித்தான் முதுகில் ஏறியது.

"தள்ளு தாயி. நான் எடுக்கேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போ."

"அண்ணே, ஒங்க வீறாப்ப எங்கிட்டக் காட்டாதிய. கேட்டுட்டு எடுங்க."

"எத்தன கண்டாச்சு. கோர்ட்டுக்குப் போறவன் பயம் கழுத்துல நிக்கும். பொண்ணு பாக்கப் போறவன் பயம் வயித்துல நிக்கும். ரெண்டு நடை நடந்தா எறங்கிரும். இதும் ஏதோ ஒண்ணு."

காறையை மாட்டிக்கொண்டான்.

முதல் மூட்டையை எடுக்கும்போதே தெரிந்தது, இது வேறு ஜாதிச் சுமை. மற்றவை நடக்க நடக்கக் குறையும். இது நடக்க நடக்க ஏறியது. கழுத்திலும் நிற்கவில்லை, வயிற்றிலும் நிற்கவில்லை. காலில் வந்து நின்றது. கால் வாசல் பக்கமே திரும்பியது. ஓடு என்றது. ஆனால் தனியாக ஓடச் சொல்லவில்லை. யாரையாவது பிடித்து இழுத்துக்கொண்டு ஓடு என்றது. எல்லோரையும் இழு என்றது. கை அவனைக் கேட்காமலே மூட்டையை விட்டுவிட்டுப் பேச்சித்தாயின் மணிக்கட்டைப் பிடித்தது. வாசலை நோக்கி அவளைத் தரதரவென்று இழுத்தது.

"அண்ணே, கைய விடுங்க. அண்ணே."

மற்றவர்கள் ஓடி வந்து அவனைப் பிடித்தார்கள். அவன் காறையில் விரலைக் கொடுத்துத் தானே கழற்றினான். பாதிச் சுமையில் காறையைக் கழற்றியவர் அந்த நிலையத்தில் அதுவரை யாரும் இல்லை. கழற்றினால் எரியாத மிச்சம் கொஞ்ச நேரத்தில் உரியவருக்கே திரும்பிப் போகும். வாடிக்கையாளர் கோபப்படுவார். நிலையத்தின் பெயர் கெடும். பாதியில் கழற்றக் கூடாது என்பது விதிகளில் இரண்டாவது.

எஸ்தாக்கி மணலில் உட்கார்ந்தான்.

"தாயி, இது தன் உசுருக்குப் பயந்தவன் பயம் இல்ல. ஒரு கூட்டத்துக்குப் பயந்தவன் பயம்."

"எந்தக் கூட்டம்?"

"அதத்தான் சொல்ல மாட்டங்காவளே."

அவன் எழுந்து போய்ப் பழுப்புக் குடுவையைத் தட்டினான். உள்ள என்ன. பக்கத்தில் நின்றவள் தன் இடுப்பிலிருந்த பச்சைக் குடுவையை அவிழ்த்து வைத்துத் தட்டினாள். அப்புறம் ஒவ்வொருவராக. காறைகள் கழன்றன. முற்றம் முழுக்க முட்டியால் தட்டும் சத்தம், கூரைத் தகரத்தில் மழை விழுவதுபோல.

"பதற்றப்படாதீங்க," என்றார் கிருபாகரன். "வாடிக்கையாளரை வற்புறுத்த நமக்கு உரிமை கிடையாது. வேணும்னா எல்லாருக்கும் நாளைக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைக்கிறேன்." சிரிப்பு அப்படியே இருந்தது.

மிக்கேல் என்பவன் மட்டும் இன்னும் காறையைக் கழற்றவில்லை. அவன் இடுப்பில் வெள்ளைக் குடுவை. நின்ற இடத்திலேயே அவனுக்கு வேர்த்து ஊற்றியது.

"எக்கா, எனக்கு என்னமோ கூடிக்கிட்டே வருது," என்றான். "நீங்க தட்ட ஆரம்பிச்சதுலேந்து இப்படி. மானேஜர் சார் வாயத் தொறக்கும்போதெல்லாம் இங்க திக்கு திக்குங்குது."

பேச்சித்தாய் மிக்கேலைப் பார்த்தாள். கிருபாகரனின் காலருக்குள் மினுங்கிய காறையைப் பார்த்தாள்.

"லேய் மிக்கேலு, நீ யாரச் சொமக்கன்னு இன்னுமா தெரியல?"

மிக்கேல் வாயைப் பிளந்தான். பிறகு காறையை மெதுவாகக் கழற்றி, மரியாதையாக, இரண்டு கையாலும் மேலாளரின் காலடியில் வைத்தான்.

மேலாளரின் சிரிப்பு முதலில் ஒரு ஓரத்தில் உதிர்ந்தது. அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஈரத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டவர் மாதிரி விரலையே பார்த்தார். அவருக்கு வேர்த்தே பல வருஷம் ஆகியிருந்தது.

"ஏன் இப்படி அடிச்சுக்குது?" என்றார்.

"நெஞ்சு சார். அது அப்படித்தான் அடிக்கும்," என்றாள் பேச்சித்தாய். "இப்ப அந்தப் பழுப்புக் குடுவைக்காரரக் கூப்பிடுதியளா?"

கூப்பிட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அந்த ஆள் தானே வந்துகொண்டிருந்தார்.

கார் வாசலில் குறுக்காக நின்றது. கதவைச் சாத்தாமலே ஒருவர் ஓடி வந்தார். நரைத்த கிராப்பு, நெஞ்சில் தொழிற்சாலை அட்டை. பெயர் அரவாழி, பொறியாளர். கையால் கழுத்தைப் பிடித்திருந்தார்.

"என் குடுவை திரும்பிடுச்சு. உடனே யாராவது எடுங்க. என்ன கேட்டாலும் தர்றேன். இப்படி ஒரு நிமிஷம் இருக்க முடியல."

பேச்சித்தாய் குடுவைக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள்.

"உள்ள என்ன சார்?"

"என்ன?"

"எடுக்கோம். உள்ள என்னன்னு சொல்லிட்டு ஏத்திவிடுங்க."

அரவாழி மேலாளரைப் பார்த்தார். மேலாளர் படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து உதவி வரும் போலத் தெரியவில்லை.

"அது தொழிற்சாலை விஷயம். வெளியே சொல்ல முடியாது."

"என் தம்பி சொமந்து விழுந்திருக்கான். அவனுக்கு அது உள்ள விஷயம்."

அரவாழி பழுப்புக் குடுவையைப் பார்த்தார். அவர் கெட்டவர் மாதிரி இல்லை. ரொம்ப நாள் தூங்காதவர் மாதிரியும் இல்லை. நன்றாகத் தூங்கித் தூங்கி இன்று காலைதான் யாரோ தண்ணீர் ஊற்றி எழுப்பியவர் மாதிரி இருந்தார்.

"தொட்டி," என்றார் கடைசியில். "அமோனியாத் தொட்டி. அடியில குழாய் சேருற இடத்துல வெல்டிங் வச்ச மூட்டு விரியுது. எனக்குத் தெரியும். அமோனியாவப் பக்கத்துத் தொட்டிக்கு மாத்திட்டா சரி பண்ணிடலாம். மாத்தணும்னா உற்பத்திய நிறுத்தணும். கப்பல் வர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாதுன்னு மேல சொல்லிட்டாங்க. முதல் நாள் பயந்து நடுங்கினேன். குடுவையில அனுப்பினேன். அனுப்பினதும் சரின்னு தோணிச்சு. இன்னைக்கு ஒரு நாள் தாங்கும்னு கையெழுத்துப் போட்டேன். மறுநாளும் அப்படியே. தினமும் காலையில பயம் வரும். அனுப்பிடுவேன். கையெழுத்துப் போட்டுடுவேன்."

"தொட்டி எங்க இருக்கு?" என்றான் எஸ்தாக்கி.

"உப்பளத்துக்கு அந்தப் பக்கம். சங்குக்குடிக்கு நேர் மேற்கே."

அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் சங்குக்குடிக்காரர்கள். பேச்சித்தாயின் வீடு அங்கே. எஸ்தாக்கியின் மனைவியும் மருமகளும் இந்த நேரத்துக்கு அங்கே தண்ணீர்க் குழாயடியில் நிற்பார்கள். சுடலைமுத்து விழும்போது எந்த வீட்டுக்கான பயத்தைச் சுமந்தான் என்று இப்போது தெரிந்தது. அவன் சுமந்தது அவன் வீட்டுப் பயம். சம்பளத்துக்குச் சுமந்தான். சுமந்து சுமந்து, பயப்பட வேண்டியவருக்குப் பயம் இல்லாமல் செய்துகொண்டிருந்தான்.

பேச்சித்தாய்க்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை அது.

"நல்லாத்தான் ஏத்திவிட்டிருக்கிய சார்."

"அம்மா, ஒரு அரைமணி நேரம். இதை இறக்கிவிடுங்க. தலை தெளிஞ்சாத்தான் என்னால எதையும் யோசிக்க முடியும். கெஞ்சிக் கேட்கிறேன்."

எஸ்தாக்கி பழுப்புக் குடுவையைத் தூக்கினான். பேச்சித்தாய் அவனைத் தடுக்கப் போனாள். அவன் குடுவையை அரவாழியின் கையில் கொடுத்தான்.

"சார், நான் இத ஒரு நடை சொமந்து பாத்தேன். இது ஓடச் சொல்லுது. எல்லாரையும் இழுத்துட்டு ஓடச் சொல்லுது. ஒமக்குப் பல நாளா சரியான வழிதான் சொல்லிருக்கு. நீருதான் கேக்கல. இன்னைக்கு இத நீரே வச்சிரும். இது கூட இருந்தாத்தான் நீரு தொட்டிய மாத்துவீரு."

"என்னால முடியாது."

"ஏன் முடியாது. சொமக்கறது எப்படின்னு சொல்லுதேன். நிக்காதீரும். நின்னா அழுத்தும். நடந்துக்கிட்டே இரும். கைக்கு வேலை குடும். மேல உள்ளவன வாயார வையும், அதும் ஒரு தெம்பு. போரும்."

அரவாழி குடுவையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி ஓடினார். மூடாத கதவோடு கார் கிளம்பியது. கிருபாகரன் படியிலிருந்து எழுந்து, யாரும் சொல்லாமலே, தீயணைப்பு நிலையத்துக்குப் பேசினார். குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தைக் கேட்டுத்தான் எதிர்முனையில் இருந்தவர்கள் நம்பினார்கள். அவருடைய பழைய சிரித்த குரலில் சொல்லியிருந்தால் பயிற்சி ஒத்திகை என்று நினைத்திருப்பார்கள்.

சுமைகாரர்கள் சங்குக்குடிக்கு ஓடினார்கள். ஊர்க்காரர்களில் நடக்க முடிந்தவர்கள் வாயில் ஈரத்துணி கட்டிக்கொண்டு காற்றுக்குக் குறுக்கே தெற்கு மணலுக்கு நடந்தார்கள். முடியாதவர்களை முதுகில் ஏற்றினார்கள். இந்தச் சுமைகளைத் தட்டிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. எல்லோரையும் பெயர் சொல்லித் தெரியும். "மெதுவாப் போ சவமே, இடுப்பு ஒடியுது" என்று முதுகிலிருந்தே ஒருத்தி மிக்கேலை வைதாள். அவன் வேகத்தைக் கூட்டினான்.

அரவாழி மேலிடத்தைக் கேட்காமலே உற்பத்தியை நிறுத்தினார். தொட்டி முக்கால்வாசி காலியாகியிருந்தபோது மூட்டு பிளந்தது. அடியில் கிடந்தது மட்டும் வெளியே வந்தது. உப்பளத்து ஓரப் பனைகள் ஓலை கருகின. காகங்கள் விழுந்தன. ஆள் ஒருவரும் விழவில்லை.

அதற்குப் பிறகு தோள்நிலையங்களில் முட்டிச் சத்தம் பரவியது. எந்த ஊரிலும் தட்டாமல் யாரும் குடுவையை எடுக்கவில்லை. நிலையங்களை நடத்திய நிறுவனம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு சொல்லறை கட்டிக் கொடுத்தது. பாரத்தை அனுப்பும் முன் அதற்குள் உட்கார்ந்து சுமைகாரரிடம் உள்ளே என்னவென்று சொல்ல வேண்டும். அங்கேதான் நிறுவனம் எதிர்பாராதது நடந்தது. ஒரு பெண் வந்தாள். மகன் தன்னோடு பேசுவதில்லை என்று சொன்னாள். சொல்லிவிட்டுக் காறையை மாட்டிப் பார்த்தால் பாரத்தை அளக்கும் நோவுமானியின் முள் பாதிக்கும் கீழே கிடந்தது. இதற்கு எதற்கு அனுப்புவது என்று வீட்டுக்குப் போய்விட்டாள். அப்படிப் பலர். வேறு சிலர் அறைக்குள் உட்கார்ந்து வாயைத் திறக்க மாட்டாமல் எழுந்து போனார்கள். அவர்களில் ஒருவர் வீட்டுக்குப் போகாமல் நேராகக் காவல்நிலையத்துக்குப் போனார் என்று மிக்கேல் சொல்வான். மிக்கேல் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும்.

குடுவைகள் வருவது நின்றது. தோள்நிலையங்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. சுமைகாரர்களுக்கு வேலை போயிற்று.

மூட்டைகளை மட்டும் அவர்கள் விடவில்லை. சங்குக்குடியின் கிழக்கே கடல் அரித்துக்கொண்டிருந்தது. முற்றத்து மணல் மூட்டைகளை அங்கே கொண்டுபோய் அடுக்கினார்கள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு அலைந்த மணல் முதல்முறையாக ஓரிடத்தில் உட்கார்ந்தது. சுடலைமுத்து ஊன்றுகோலோடு நின்று, கோணலாக வந்த வார்த்தைகளில், அடுக்கு சரியில்லை என்று எல்லோரையும் ஏசினான்.

ஒரு நாள் கிருபாகரன் அங்கே வந்தார். காறை இல்லை. கண்ணுக்குக் கீழே கருப்பு. கையில் மூடி முத்திரை வைத்த ஒரு பெட்டி.

"எல்லாருக்கும் வேலை கொண்டுவந்திருக்கேன்," என்றார். "இனிமே சுமக்க வேண்டாம். கேட்டாப் போதும். உள்ள என்னன்னு நீங்க கேக்குற குரலை இந்தப் பெட்டியில பதிவு பண்ணுவோம். வீட்டுக்கு வீடு பெட்டி வைப்போம். மனுஷன் பதில் சொல்லுவான், லேசாகிடுவான். நல்ல சம்பளம். கைநாட்டு வச்சாலே போதும்."

"பதில் யாருக்குப் போவும்?" என்றான் எஸ்தாக்கி.

"பெட்டிக்கு."

பேச்சித்தாய் தலையில் இருந்த மூட்டையை இறக்கி வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வந்து பெட்டியின் மேல் முட்டியால் தட்டினாள்.

"உள்ள என்ன?"

கிருபாகரன் பெட்டியின் முத்திரையைத் தடவினார். "அது ஒப்பந்தப்படி சொல்லக் கூடாது."

"அப்ப நீங்களே தூக்கிட்டுப் போங்க சார்."

அவர் போகவில்லை. நெற்றி வேர்த்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சித்தாய் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். பிறகு முட்டியை மடக்கி, அவர் சட்டைப் பொத்தானுக்குப் பக்கத்தில், நெஞ்சில் மெல்லத் தட்டினாள்.

"இங்க என்ன?"

கடல் இரண்டு தடவை வந்து போனது.

"நீங்க ஒத்துக்கலைன்னா என்னையும் வேலையை விட்டுத் தூக்கிடுவாங்கம்மா. எனக்கு வேற எதுவும் தெரியாது. ராத்திரி பூரா நெஞ்சு அடிக்குது. இதோட எப்படி இருக்கறதுன்னு தெரியல."

"அத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா," என்றாள் பேச்சித்தாய். "பெட்டிய அங்கன வச்சுட்டு இந்த மூட்டையப் பிடிங்க. இதுல மணல் இருக்கு."